கண்டியில் போடாமல் விட்ட இரட்டைக் கோடு

கண்டிக்குப் போக வேண்டிய நான் நாவலப்பிட்டியில் போய் இறங்கினேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது சன்னலுக்கு வெளியே அரை உடம்பை நீட்டிப் படம் எடுத்ததென்ன, எதிர் இருக்கைக் குழந்தைக்கு வேடிக்கை காட்டியதென்ன! அந்தக் களைப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். பேராதனையில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும் என்று கொழும்பில் படித்துப் படித்துச் சொல்லித்தான் ஏற்றிவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் தேயிலை மலைக்கு நடுவே ஒரு ஸ்டேஷன். பெட்டியை இழுத்துக்கொண்டு குதிக்காத குறையாக இறங்கினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவில் இருந்தவரிடம் கண்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"இந்தியாவாம்மா?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டியத் தாண்டி வந்து நின்னுக்கிட்டு கண்டி எங்கன்னு கேக்குறீங்களே, வேற யாரு? உட்காருங்க, சாப்பிட்டுப் போகலாம். பஸ் ஓடியா போயிரும்?"

இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. கூடவே மஞ்சளாக, நீர்த்து, ஒரு கிண்ணத்தில் ஏதோ. சொதி என்றார். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு, முதல் பால், இரண்டாம் பால் என்று ஒரு படையே இறங்க வேண்டும். "இது சொதியா?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "ஊத்திச் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டேன். வாய்த்துடுக்குக்காக அன்று பட்ட வெட்கம் அது ஒன்றுதான். அந்த வாரம் பின்னால் பட்டதோடு வைத்துப் பார்த்தால் அது கணக்கிலேயே வராது.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கம்பியை விட்டு ஒருவர் மடியில் விழப் பார்த்தேன். ஒரு சிங்களப் பெண்மணி தன் கணவரை முழங்கையால் இடித்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள்: "எழும்பி இடம் குடுங்க, இந்த அம்மா நம்ம ரோட்டுக்குப் பழக்கமில்லாதவங்கன்னு சொல்றாங்க." அவர் எழுந்து கண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். எங்கள் ஊர் பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

வந்த வேலையைச் சொல்லவில்லையே. நான் ஒரு செவிலியர் கல்லூரியில் மகப்பேறு நர்சிங் நடத்துகிறவள். கண்டியில் தமிழில் படிக்கும் மகப்பேற்றுத் தாதி மாணவிகளுக்கு ஒரு வாரம் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கருத்தரித்தல், வயிற்றுக்குள் பிள்ளை வளர்கிற விதம், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிற பரம்பரைக் குறைகள் எல்லாம் என் பாடம். என் வகுப்பில் தூங்கினவர்கள் கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சிரிக்க வைத்தே பாடத்தை ஏற்றிவிடுவேன்.

தங்கியது கண்டி நகரத்திலேயே மஹய்யாவ என்ற இடத்தில், சந்திரன், ரேணுகா தம்பதி வீட்டில். சந்திரன் மாநகர சபையில் கிளார்க். ரேணுகாவுக்கு ஆறு மாதம் முடிந்து வயிறு நன்றாகத் தெரிந்தது. தலைப்பிள்ளை. படியேறி மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து, "புள்ளத்தாச்சி நானே ஏறுறேன், நீங்க நிக்கிறீங்களே மிஸ்" என்று சிரித்தாள். புருஷனை "மாமா, மிஸ்ஸோட பெட்டிய வாங்குங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அதனால் அதை நான் கவனிக்கவேயில்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. என் தமிழ் லட்சணம் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஊரில் நாங்கள் தமிழில் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு குரோமோசோம், பிளாசென்டா, எம்ப்ரியோ என்று ஓட்டுவோம். இந்தப் பெண்கள் நிறமூர்த்தம், சூல்வித்தகம், முளையம் என்று மணிமணியாகச் சொல்கிறார்கள். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி நிறமூர்த்தங்கள் வந்து சேர்ந்துதான் ஒரு பிள்ளை என்று நான் விளக்கியபோது, முன்வரிசையில் இருந்த ஃபர்ஹானா, "அப்ப எங்கட மூக்கு வாப்பாட பாதியில இருந்து வந்திரிக்கும் மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. மூக்கு கொஞ்சம் பெரியதுதான்.

மதியம் சோறும் பருப்பும் பலாக்காய்க் கறியும். என்னோடு சாப்பிட்டவர் சிவமலர். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்தவர், தங்கமான மனுஷி. சாப்பாட்டுக்கு நடுவே, "ரீச்சர், ஒண்டு கேக்கட்டே? உங்கட பக்கத்தில தாய்மாமனையே கலியாணம் செய்யிறவையாம், உண்மையோ?" என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எங்களுக்கு மச்சான் எண்டால் பரவாயில்லை. மாமன் எண்டால் தகப்பன் மாதிரியெல்லோ! நினைக்கவே அருவருப்பாக் கிடக்கு. இஞ்ச சட்டமும் விடாது, கலியாணத்தைப் பதியேலாது."

"அங்கங்கே உண்டு. பழைய காலத்து ஆட்கள்தான்" என்றேன்.

என் கணவர் என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் தெருவில் அது விசேஷமே இல்லை. அக்கா மகள் பிறந்ததும் "உனக்குப் பொண்டாட்டி வந்துட்டாடா" என்று தம்பியைக் கேலி செய்கிற ஊர். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். இளையவன் கார்த்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஓர் அச்சகத்தில் புத்தக அட்டை வடிவமைக்கிறான். கைகளால் அவன் பேசுகிற வேகத்துக்கு நானே சில நேரம் திணறுவேன். இதையெல்லாம் ஊரில் யாரிடமும் மறைத்ததில்லை. அன்றைக்குத்தான், ஒரு வாய்ப் பலாக்காயை மென்று முடிப்பதற்குள் என் புருஷனைப் பழைய காலத்து ஆளாக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரேணுகா வகுப்புக்கு வந்தாள். மாணவிகள் தொட்டுப் படிக்க ஒரு நிஜ வயிறு வேண்டுமே என்று சிவமலர்தான் கேட்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராகக் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எது, முதுகு எது என்று கண்டுபிடித்தார்கள். மரக்குழலை வயிற்றில் வைத்து, அதில் காதை வைத்து, இதயத் துடிப்பைக் கேட்டார்கள். ஒருத்தி தன்னுடைய நாடியையே கேட்டுவிட்டுப் பிள்ளை நலம் என்றாள். பிள்ளை முதலில் எள்ளளவு, பிறகு பயற்றளவு என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். எலுமிச்சைக்கு அப்புறம் நான் கத்தரிக்காய் என்றதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மங்குஸ்தான் பழம் என்று தீர்ப்பானது.

"இப்போ உள்ளே இருக்கிற ஆளுக்கு நாம பேசுறது கேட்கும். பார்த்துப் பேசுங்க" என்றேன். உடனே ஆளாளுக்கு வயிற்றிடம் குனிந்து வணக்கம் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். ரேணுகா கூச்சத்தில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அன்றைக்கு இருந்த மாதிரி அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பரம்பரைப் பாடம். குடும்பப் படம் வரையச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இடையில் ஒரு கோடு. சொந்தத்துக்குள் கல்யாணமென்றால் இரட்டைக் கோடு. குறையோடு பிறந்தவரின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஊரில் நான் எப்போதும் என் குடும்பத்தைத்தான் முதலில் வரைவேன். என் அம்மா, அவள் தம்பி, எனக்கும் அவருக்கும் இரட்டைக் கோடு, கீழே ஒரு வட்டம், ஒரு கறுப்புக் கட்டம். என் மாணவிகள் அதற்குக் கார்த்தி கட்டம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அவனே வகுப்புக்கு வந்து அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

"மிஸ், ஒங்கட குடும்பத்தப் போட்டுக் காட்டுங்க" என்றாள் ஃபர்ஹானா.

பின்வரிசையில் சிவமலர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ரேணுகா. நேற்றுக் கேட்டது பிடித்துப்போய், இன்றைக்கும் சும்மா கேட்க வந்திருந்தாள். சாக்பீஸை எடுத்தேன். என் வட்டத்தைப் போட்டேன். என் கணவரை எங்கிருந்தோ வந்த அன்னியர் மாதிரித் தள்ளி ஒரு கட்டமாகப் போட்டேன். இடையில் ஒற்றைக் கோடு. கீழே மகளுக்கு ஒரு வட்டம், மகனுக்கு ஒரு கட்டம். இரண்டும் காலியாக இருந்தன.

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லையா மிஸ்?"

"இல்லை" என்றேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரட்டைக் கோட்டை விளக்கப் பெயரில்லாத ஒரு குடும்பத்தை வரைந்து, தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கட்டிவைத்தேன். இருவருக்கும் ஒரே முன்னோர் என்பதால், மறைந்திருக்கிற ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்புக் கூடுதல் என்றேன். அதுவரை பாடம். அப்புறம் என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "இந்த மாதிரி ஜோடி ஆஸ்பத்திரிக்குள்ள வந்தா, என்ன பிள்ளை வெளியே வரப்போகுதோன்னு நாம எல்லாரும் வரிசையா நின்னு பார்க்க வேண்டியதுதான்!" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிவமலரும் சிரித்தார். ரேணுகா சிரிக்கவில்லை. வெயிலில் நடந்து வந்து களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

சாயங்காலம் கார்த்தி செல்போனில் முகம் காட்டினான். என்ன பாடம் என்று கையால் கேட்டான். குடும்பப் படம் என்றேன். என் கட்டத்தைப் போட்டாயா, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்றான். போட்டேன், உன்னை விசாரித்தார்கள் என்று என் கைகள் சொல்லின. வாயால் பொய் சொல்லிப் பழக்கம் உண்டு. கையால் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன். கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ரேணுகா வகுப்புக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகாமல் சந்திரன் வாசலில் நின்றார். "நேத்து ஒங்க கிளாஸுக்குப் போயிட்டு வந்ததிலருந்து ஒரு வாய் சாப்புடல மிஸ். என்னயக் கிட்டவே வர விடமாட்டேங்குறா" என்றார்.

ரேணுகா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா எங்கம்மாவோட சொந்தத் தம்பி மிஸ்" என்றாள், திரும்பாமலேயே. "கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாரு. பதியல, பதியவும் முடியாது. இந்த லயத்து வீடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். கிளினிக்ல மட்டும் தெரியாது. புருஷன் கட்டார்ல இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கோம். மாமா தொணைக்கு வந்த மாமான்னு கேட்டுக்கு வெளியவே நிப்பாரு."

நான் வாசலைப் பார்த்தேன், சந்திரன் இன்னும் அங்கேயேதான் நின்றார்.

"நாளைக்குக் கிளினிக். நான் போகமாட்டேன். புள்ளயும் ஆஸ்பத்திரில பெறமாட்டேன். எங்கம்மா தேயிலத் தோட்டத்துலயே இருக்காங்க, அங்க போயிருவேன். நீங்கதானே சொன்னீங்க, எல்லாரும் வரிசையா நின்னு பாப்பாங்கன்னு. எம்புள்ளய யாரும் வேடிக்க பாக்க வேணாம்."

தலைப்பிரசவம். மலைமேல் தோட்டத்தில், ஆஸ்பத்திரிக்கு இறங்கவே பாதி நாள் ஆகும் இடத்தில். ரத்தப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த மலைக்கு அவளைப் போகவைப்பதும் நான்தான், ஒரு சிரிப்புக்காக.

"ரேணுகா, என் புருஷனும் என் தாய்மாமன்தான்" என்றேன். கார்த்தியைப் பற்றிச் சொன்னேன். மகளுக்கு ஒன்றுமில்லை, மகனுக்குக் காது கேட்காது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். இப்படிக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள், மற்றவர்களைவிட ஆபத்துக் கொஞ்சம் கூடுதல் என்பதும் உண்மை, அதனால்தான் கிளினிக்கில் மறைக்கக் கூடாது என்றேன். சொன்னால் அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவள் திரும்பினாள். "அப்ப ஏன் போர்டுல வேற மாதிரிப் போட்டீங்க?"

விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்தேன்.

"சபையில நிக்கிற டீச்சர் ஒங்களுக்கே வெக்கமா இருக்குன்னா, கிளினிக் கியூவுல நிக்கிற எனக்கு எப்பிடி மிஸ் இருக்கும்? ஒங்க மகனக் கூட விட்டுட்டீங்களே." பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "எம்புள்ளைக்கு இப்ப நாம பேசுறது கேக்குதா, இல்லையா?"

"தெரியாது ரேணுகா. பிறந்த பிறகு சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் பெற்றால் உடனே பார்த்துவிடலாம்."

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பிடாமலே வகுப்புக்குத் திரும்பினேன். பாட்டும் கேலியுமாக இருந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். கரும்பலகையில் புதிதாக வரைந்தேன். என் அம்மா, அம்மாவின் தம்பி. அவருக்கும் எனக்கும் நடுவே இரட்டைக் கோடு. கீழே ஒரு வட்டம், ஒரு கட்டம். கட்டத்தை நிரப்பச் சாக்பீஸால் நெருக்க நெருக்கக் கோடு போட்டேன். "நேத்துப் போட்டது பொய். இதுதான் என் குடும்பம். இவன் கார்த்தி, என் மகன். நேத்து நான் சொன்ன நகைச்சுவை தப்பு. நர்ஸ் வாயிலிருந்து வரக் கூடாத பேச்சு. அதை மறந்துடுங்கன்னு சொல்லமாட்டேன், ஞாபகம் வச்சிக்கிட்டு யாரும் அப்படிப் பேசாதீங்க" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஃபர்ஹானாதான், "எங்கட உம்மாவும் வாப்பாட மாமி மகள்தான் மிஸ். நான் சும்மா ஒத்தக் கோடு போட்டு வச்சேன்" என்று நேற்று வகுப்பில் வரைந்த தன் குடும்பப் படத்தைத் திருத்தத் தொடங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் குனிந்து திருத்தினார்கள்.

சிவமலர் வாசலில் காத்திருந்தார். "அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம் ரீச்சர். நான் அப்பிடிக் கதைச்சிருக்க மாட்டன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பொய் சொல்ல விருப்பமில்லை, எனக்கு இப்பவும் ஒரு மாதிரித்தான் கிடக்கு" என்றார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் மூன்று நாளாகச் செய்யாததை, உண்மை பேசுவதை, அவர் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டார்.

ஃபர்ஹானா வீடும் மஹய்யாவவில்தான். நான் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. ரேணுகா எனக்குப் பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். "போட்டீங்களாமே" என்றாள். போட்டேன் என்றேன். "எல்லாரும் என்ன சொன்னாங்க?" என்றாள். ஒருவருமே சிரிக்கவில்லை என்றேன். அன்றிரவு கார்த்திக்கும் உள்ளதைச் சொன்னேன். அவன் கைகளை மடக்கிக் கட்டிக்கொண்டான். எங்கள் வீட்டில் அதற்கு, இப்போது பேச மாட்டேன் என்று அர்த்தம். அவன் மறுபடி பேசியது நான் ஊர் திரும்பிய பிறகுதான்.

வெள்ளிக்கிழமை காலை. சேலை மாற்றிக்கொண்டு ரேணுகா கதவருகே நின்றாள். "நீங்களும் வாங்க மிஸ்" என்றாள். சந்திரன் பின்னால் வந்தார். கிளினிக் கேட்டருகே வழக்கம்போல நின்றுகொண்டார். நாங்கள் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தபோது வெள்ளைச் சேலை கட்டிய மருத்துவிச்சி ரேணுகாவைப் பார்த்துச் சிரித்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிறகு ரேணுகா எனக்குச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"மகளே, புருஷன் கட்டாரிலிருந்து எப்போது வருகிறார்?"

"அவர் கட்டாரில் இல்லை மிஸ். அதோ, கேட்டில் நிற்கிறார்."

மருத்துவிச்சி எட்டிப் பார்த்தார். "அது உன் மாமா அல்லவா?"

"ஆமாம். என் அம்மாவின் தம்பி. என் புருஷனும் அவர்தான்."

எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் பேனா அப்படியே நின்றது தெரிந்தது. ரேணுகா என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது. வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவிச்சி அவர்களைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்தார். பிறகு ரேணுகாவிடம் தணிந்த குரலில், "வெயிலில் ஏன் நிற்கிறார், உள்ளே கூப்பிடு. இரண்டு பேரிடமும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும்" என்றார்.

சந்திரன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

மருத்துவிச்சி என் பக்கம் திரும்பினார். கழுத்துப் பட்டையில் தொங்கிய என் அடையாள அட்டையைப் பார்த்தார். ரேணுகாவிடம் ஏதோ கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரேணுகா பதில் சொல்லிவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"இந்த அம்மா யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இவங்களும் எங்கள மாதிரித்தான்னு சொன்னேன்."

அவள் டீச்சர் என்று சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அத்தனை நடந்த பிறகும் அப்படித்தான் தோன்றியது, அதை எழுதவே கூசுகிறது. மருத்துவிச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.